முதலில் வந்த வண்டி

தமிழ்ப்பள்ளியில் என் ஆசிரியை 'போம்பா' என்ற சொல்லை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. கட்டுரையில் 'தீயணைப்புப் படை' என்றுதான் எழுத வேண்டும். "தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து தீயை அணைத்தனர்" என்ற வாக்கியத்தை ஆறாம் ஆண்டு முடிவதற்குள் பத்துக் கட்டுரைகளிலாவது எழுதியிருப்பேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அதே வாக்கியத்தை மலாயில் எழுதினேன். அங்கே படைக்குப் பெயர் போம்பா. அது போர்த்துகீசியச் சொல் என்றும், தண்ணீர் இறைக்கும் பம்பைத்தான் அம்மொழியில் அப்படிச் சொல்வார்கள் என்றும் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

மொழி மாறினாலும் அந்த வாக்கியம் சில விஷயங்களைச் சொல்லாமலேயே விட்டுவிட்டது. விரைந்து வந்தவர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்? அவர்களை அனுப்பியவர் யார்? அவர்களுக்குத் தலைவர் யார், சம்பளம் கொடுப்பவர் யார்? வாசக நண்பர்களே, நம்மில் எத்தனை பேருக்கு இக்கேள்விகளுக்குப் பதில் தெரியும்?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் ஊராட்சி நிர்வாகம் பற்றிய பாடத்திற்கு ஓர் இடுபணி செய்ய வேண்டியிருந்தது. குப்பை, குடிநீர், சாலை, சந்தை என்று தோழிகள் ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். நான் தீயணைப்பை எடுத்தேன். "அதில் என்ன இருக்கிறது? தீப்பிடித்தால் 999-க்கு அழைக்க வேண்டும், அவ்வளவுதானே!" என்று ஒருத்தி சிரித்தாள். அவள் வளர்ந்தது கிள்ளான் பள்ளத்தாக்கில். நான் வளர்ந்தது ஜொகூரின் வடபகுதியில், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு தாமானில்.

நம் நாட்டு ஏற்பாடு விளங்க வேண்டுமென்றால் அதற்கு நேர்மாறான ஒன்றை முதலில் படிக்கும்படி விரிவுரையாளர் கூறினார். அப்படித்தான் அமெரிக்காவின் 'தீப் பாதுகாப்பு வட்டாரங்கள்' எனக்கு அறிமுகமாயின. அங்கே பெரிய நகரங்கள் சொந்தமாகத் தீயணைப்புத் துறை வைத்திருக்கின்றன. நகர எல்லைக்கு வெளியே சிற்றூர்களிலும் பண்ணைப் பகுதிகளிலும் வாழ்பவர்கள், பல மாநிலங்களில், தங்களுக்கென்று ஒரு வட்டாரத்தைச் சட்டப்படி அமைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கென்று ஒரு வாரியம் இருப்பதுபோல் தீயணைப்பிற்கென்றே ஒரு தனி ஊராட்சி அது.

அதை நடத்துவது பெரும்பாலும் மூவர் அல்லது ஐவர் கொண்ட ஒரு குழு. வாஷிங்டன், மிசூரி போன்ற மாநிலங்களில் இக்குழுவினரை அந்த வட்டார மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு சில மாநிலங்களில் நியமனமும் உண்டு. மக்களின் சொத்து வரியில் ஒரு பகுதி நேராக வட்டாரத்திற்குப் போகிறது. நிலையம் கட்டுவது, வண்டி வாங்குவது, தலைமைத் தீயணைப்பு அதிகாரியை நியமிப்பது ஆகியவை குழுவின் பொறுப்பு. ஆனால் தீ எரியும் இடத்தில் குழு உறுப்பினர் ஒருவர் வந்து நின்றால் அவரும் மற்றவர்களைப்போல வேடிக்கை பார்ப்பவர்தான். அங்கே கட்டளையிடுபவர் அதிகாரி. பணத்திற்கும் கொள்கைக்கும் ஒரு தலைமை, தீக்களத்திற்கு இன்னொரு தலைமை என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆட்பலத்தைப் பற்றிப் படித்தபோதுதான் உண்மையில் வியந்தேன். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பாளர்கள் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 6 இலட்சத்து 77 ஆயிரம் பேர் தொண்டூழியர்கள். அதாவது நூற்றுக்கு 65 பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, அழைப்பு வந்தால் ஓடுபவர்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் பிலடெல்பியாவில் அண்டை வீட்டாரைக் கூட்டி ஒரு தீயணைப்புக் குழு தொடங்கினார். அந்தப் பழக்கம் அங்கே இன்னும் விட்டுப்போகவில்லை.

குறை இல்லாத ஏற்பாடு அன்று அது. பணக்கார வட்டாரத்தில் வரி அதிகம், அதனால் வண்டி புதியது. ஏழை வட்டாரத்தில் வண்டி பழையது. இளையோர் பகலில் தொலைதூர வேலைக்குப் போய்விடுவதால் தொண்டூழியர் கிடைப்பதும் கடினமாகி வருகிறது. இருந்தாலும் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. 'நம் ஊரில் தீப்பிடித்தால் என்ன செய்வது?' என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. அப்போது நகரம் என்பது மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய கடைகளும் குடிசைகளும்தான். அதே ஆண்டில் வெள்ளமும் வந்து மிச்சத்தைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் செய்தார். அச்செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பிரிக்ஃபீல்ட்ஸ். 1883இல் பெல்லமி என்ற ஆங்கிலேயரின் தலைமையில் சிலாங்கூர் தொண்டூழியத் தீயணைப்புப் படை தோன்றியது. ஆகவே இன்றைய போம்பாவின் வரலாறு சம்பளக்காரர்களிடமிருந்து தொடங்கவில்லை. வேறு தொழில் பார்த்த தொண்டூழியர்களிடமிருந்து தொடங்குகிறது.

சுதந்திரத்திற்குப் பிறகும் நெடுநாள் வரை தீயணைப்பு, மாநிலங்களின் கையிலும் நகராட்சிகளின் கையிலும் இருந்தது. 1976 ஜனவரி 1ஆம் நாள் அது கூட்டரசின் கீழ் வந்து ஒரே துறையாயிற்று. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் அத்துறைக்கு முழு அதிகாரம் தந்தது. தீயை அணைப்பதற்காகப் பூட்டை உடைக்கலாம், சாலையை அடைக்கலாம், கிடைக்கும் நீரை எடுக்கலாம். 1993 டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டபோது, தீயை அணைப்பது மட்டும் போதாது, இடிபாட்டிலிருந்து மீட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாடே உணர்ந்தது. 1997இல் துறையின் பெயரிலும் 'மீட்பு' என்ற சொல் சேர்ந்தது.

இன்று இத்துறை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. புத்ராஜெயாவில் தலைமை இயக்குநர், மாநிலத்திற்கு ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே வட்டாரத் தலைவர்கள், கடைசியில் நிலையத் தலைவர். ஆட்களைத் தேர்வு செய்வது பொதுச் சேவை ஆணையம். எஸ்.பி.எம். முடித்தவருக்கு ஒரு வாசல், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா முடித்தவருக்கு ஒரு வாசல், பட்டதாரிக்கு ஒரு வாசல் என்று மூன்று வாசல்கள் உண்டு. கோலகுபு பாருவில் உள்ளதைப் போன்ற கழகங்களில் பயிற்சி பெற்ற பிறகு எந்த மாநிலத்திற்கு வேண்டுமானாலும் மாற்றலாகலாம்.

இந்த ஏற்பாட்டின் நன்மையை மறுப்பதற்கில்லை. பெர்லிஸில் இருப்பவருக்கும் ஜொகூரில் இருப்பவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சம்பள முறை. ஏழை ஊர் என்பதற்காகப் பயிற்சியில்லாத ஆள் வருவதில்லை. அதே வேளையில் இன்னொன்றையும் கவனித்தேன். 1965இல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு சட்டப்படியும் முடிவுக்கு வந்தன. தீயணைப்பு கூட்டரசிற்குப் போனதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். விளைவு மட்டும் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது. 'நம் ஊர்ப் பாதுகாப்பு' என்பது நாம் கூடிப் பேச வேண்டிய ஒன்று என்ற எண்ணமே நம்மைவிட்டுப் போய்விட்டது. மேலே யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் இருபத்திரண்டு கிலோமீட்டரை அவர்களாலும் சுருக்க முடியாது.

2018ஆம் ஆண்டு நான் படிவம் மூன்றில் இருந்தபோது எங்கள் வரிசையில் தீப்பிடித்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட மலிவு விலைத் தரைவீடுகள். மதியம் இரண்டரை மணி இருக்கும். முதல் வீட்டின் சமையலறைப் பக்கம் புகை கிளம்பியது. அங்கே ஆள் இல்லை. இரண்டாவது வீடு எங்கள் அத்தை வீடு. உள்ளே படுத்த படுக்கையாக அத்தையின் மாமியார். கிரில் கதவு பூட்டியிருந்தது, சாவியோ ஆணியில் இல்லை. பின்வீட்டு அண்ணன் கடப்பாறையால் பூட்டைத் தட்டியெடுத்தார். பாட்டியை மெத்தையோடு நால்வர் தூக்கி வந்தார்கள். எங்கள் வீடு ஐந்தாவது. அப்பா கூரைமேல் ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது பயனில்லாத வேலை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிமிடங்களில் ஒரு வண்டி வந்தது. நான் பாடநூலில் பார்த்த பளபளப்பான சிவப்பு வண்டி இல்லை. சிறியது, பக்கவாட்டில் ஜப்பானிய எழுத்துகள் பாதி அழிந்திருந்தன, கதவில் சீன எழுத்துகளும் மலாய் எழுத்துகளும். இறங்கியவர்களில் ஒருவர், நாங்கள் ஆணியும் பெயிண்டும் வாங்கும் இரும்புக்கடை அங்கிள். இன்னொருவர் மோட்டார் பழுது பார்ப்பவர், கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சீனப் புதுக்கிராமத்தின் தொண்டூழியப் படை அது. மூன்றாவது வீட்டுச் சுவரில் தண்ணீரை நிறுத்தினார்கள், தீ அதைத் தாண்டவில்லை. நிலையத்திலிருந்து பெரிய வண்டி வந்து சேர்ந்தபோது மேலும் பதினைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன. மீதித் தீயை அணைத்து, கூரையைப் பிரித்து, கங்கு இருக்கிறதா என்று இருட்டும்வரை தேடியவர்கள் அவர்கள்தான். இரண்டு வீடுகள் போயின. அத்தை வீட்டில் எல்லாருடைய பிறப்புப் பத்திரமும் போயிற்று. அதற்காக அவர் பதிவு இலாகாவிற்கு நடந்த நடை தனிக் கதை.

நிலையத்து வீரர்கள் மெதுவாக வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டரை அந்தச் சாலையில் அதைவிட வேகமாக ஓட்ட முடியாது. அவர்கள் வரும்வரை உள்ள நேரம் யாருடையது என்பதுதான் என் கேள்வி. 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியில் அதிகாலையில் தீ மூண்டு 23 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சிறுவர்கள். சன்னல்களில் கம்பிகள். தலைநகரத்தின் நடுவிலேயே, வண்டி வருவதற்கு முந்திய நிமிடங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டன.

இடுபணிக்காக அந்தப் புதுக்கிராமத்திற்கு மூன்று முறை சென்றேன். இரும்புக்கடை அங்கிள்தான் அப்படையின் கேப்டன். கடைக்குள் பெயிண்ட் டின்களுக்கு மேலே இரண்டு வண்டிகளின் சாவிகளும் தொங்குகின்றன. அவர் மலாயில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

படையில் முப்பத்து நான்கு பேர். ஈராண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்டிக் கேப்டன், துணைக் கேப்டன், செயலாளர், பொருளாளர் முதலியோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தீயணைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டு. நிலையத்து அதிகாரிகள் வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். சுவாசக் கருவிப் பயிற்சி முடிக்காதவர் எரியும் வீட்டிற்குள் கால் வைக்கக் கூடாது. நால்வர் சேராமல் வண்டி புறப்படக் கூடாது. பகலில் கிராமத்திற்குள் கடை வைத்திருப்பவர்கள்தான் பலம். இரவில் எல்லாரும் இருப்பார்கள். முன்பு சங்கு ஊதிக் கூப்பிட்டார்கள், இப்போது வாட்ஸ்அப். வண்டிகள் ஜப்பானில் பயன்படுத்திக் கழித்தவை. பணம், பசித்த ஆவிகள் விழா விருந்தில் நடக்கும் ஏலத்திலிருந்தும் கடைக்காரர்களின் நன்கொடையிலிருந்தும் வருகிறது. அரசாங்க உதவியும் கொஞ்சம் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு காப்புறுதி எடுத்திருக்கிறார்கள். அழைப்புகளில் பாதிக்கு மேல் தீயே இல்லையாம். பாம்பு, குளவிக்கூடு, சாய்ந்த மரம், சாலை விபத்து, வெள்ளம்.

அமெரிக்க வட்டாரத்தை நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் சாயலில் ஒன்று நான்கு கிலோமீட்டரில் இருந்திருக்கிறது. வரி விதிக்கும் உரிமை மட்டும்தான் இல்லை.

"பெரிய போம்பா வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "அதிகாரியிடம் நிலவரத்தைச் சொல்வேன். எத்தனை வீடு, உள்ளே ஆள் இருக்கிறதா, கேஸ் தோம்பு எங்கே, தண்ணீர் எங்கே. சொல்லி முடித்ததும் நான் கேப்டன் இல்லை. குழாய் பிடிக்கிறவன்" என்றார். இடுபணியில் நான் எழுதிய இருபத்தைந்து பக்கங்களில் இந்தப் பதிலுக்கு ஈடாக ஒரு பக்கம்கூட இல்லை.

நாட்டில் இத்தகைய படைகள் பல உண்டு. பினாங்கில் பாயா தெருபோங், மாச்சாங் பூபோக் போன்ற இடங்களின் தொண்டூழியப் படைகளை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கலாம். பேராக்கிலும் ஜொகூரிலும் புதுக்கிராமங்களைச் சுற்றிப் பல இருக்கின்றன. அப்படியானால் நம் மக்கள் நிறைந்திருக்கும் தாமான்களில் இவை ஏன் அரிதாக இருக்கின்றன? ஒற்றுமை இல்லை, அக்கறை இல்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது எளிது. மேடைகளில் கைத்தட்டலும் கிடைக்கும். நான் அதை நம்பவில்லை. ஆடி மாதம் எங்கள் கோயிலில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் நடக்கிறது. யார் அரிசி, யார் அடுப்பு, யார் தண்ணீர் லாரி என்று இரண்டே கூட்டங்களில் முடிவாகிவிடும். தீமிதிக்குக் குழி வெட்டி, கட்டை அடுக்கி, கங்கு பரப்பி, கால் சுடாமல் இறங்குபவரைத் தாங்கப் பால்குழியின் ஓரத்தில் ஆள் நிறுத்துகிறோம். நெருப்பை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யத் தெரிந்த சமூகம்தான் நம்முடையது.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவசரகாலத்தில், 1950களில், கம்பிவேலிக்குள் குடியேற்றப்பட்ட சீனர்கள் அந்த இடத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். பலகை வீடுகள் நெருக்கமாக இருந்தன. தீப்பிடித்தால் ஊரே போகும். பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. அதனால் கூடினார்கள். கூடியது நிலைத்தது. நாம் இருந்தது தோட்டத்தில். லயம் கம்பெனியுடையது, தண்ணீர்த் தொட்டி கம்பெனியுடையது, தீப்பிடித்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது கிராணியிடம். தோட்டம் விற்கப்பட்டபோது பத்துத் தோட்டத்து மக்கள் பத்துத் தாமான்களுக்குச் சிதறினார்கள். கோயிலை மட்டும் கையோடு எடுத்து வந்தோம், ஏனென்றால் அது ஒன்றுதான் நம்முடையதாக இருந்தது. கோயில் நிர்வாகம் நமக்கு நன்றாக வருவதற்கும் மற்றவை வராமல் போனதற்கும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். இல்லாத பழக்கம் என்பதால் வரவே வராத பழக்கம் என்று ஆகிவிடாது.

இதை நான் ஏட்டளவில் சொல்லவில்லை. 2024இல் என் தம்பி அந்தப் புதுக்கிராமப் படையில் சேர்ந்தான். டயர் கடையில் வேலை, வயது பத்தொன்பது. இடுபணிக்காக என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனவன், நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டியின் பம்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படையில் அவன்தான் முதல் தமிழன். அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசினார். "கவர்மெண்டு சம்பளம் குடுத்து ஆளு வச்சிருக்கு. ஒனக்கு யாருடா சம்பளம் குடுக்கறா? அந்தப் பூச்சோங் பசங்கள மறந்துட்டியா?"

2018 அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில் பழைய ஈயக்குளம் ஒன்றில் விழுந்த பதினேழு வயதுப் பையனைத் தேடி இறங்கிய ஆறு தீயணைப்பு வீரர்கள் சுழலில் சிக்கி மாண்டனர். எங்கள் வரிசையில் தீப்பிடித்த அதே ஆண்டு. அன்று தொலைக்காட்சிச் செய்தி முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி, கயிறு கட்டி இறங்கியவர்களுக்கே அந்த நிலை. அம்மாவின் கேள்வியைப் பயந்த தாயின் புலம்பல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. என் இடுபணியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. தொண்டூழியர் என்று அழகாகச் சொல்கிறோம். ஒருவனுக்கு ஏதாவது நேர்ந்தால் அவன் குடும்பத்தை யார் பார்ப்பார்கள்?

தம்பி வாதாடவில்லை. காப்புறுதித் தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். பயிற்சி முடியாமல் உள்ளே போக விடமாட்டார்கள் என்றான். கடைசியாக, "அன்னிக்கு அந்த அங்கிளும் இப்படித்தானே வந்தாரு, அவருக்கும் வீட்ல ஆளு இருப்பாங்கல்ல" என்றான். அம்மா தாளைப் படித்துவிட்டு, "இதுல ஒன் பேரத் தப்பா எழுதியிருக்கானுங்க" என்று மட்டும் சொன்னார். சம்மதம் என்று எங்கள் வீட்டில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து யோசிக்கும்போது, தீயணைப்பிற்கு இரண்டு தலைமைகளும் தேவை என்றே படுகிறது. சட்டம், பயிற்சி, சம்பளம், பெரிய கருவி ஆகியவற்றை மேலே இருந்துதான் சமமாகத் தர முடியும். அமெரிக்கர்களைப்போல வட்டாரத்திற்கு வட்டாரம் வரி வசூலித்தால் எங்கள் தாமானுக்கு ஒரு வாளிகூடக் கிடைக்காது. முதல் பதினைந்து நிமிடங்களுக்கான தலைமையோ ஊரிலிருந்துதான் வர வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்தச் சாலையோரக் குழாயில் தண்ணீர் வராது, யாரிடம் கடப்பாறை இருக்கிறது என்பதெல்லாம் புத்ராஜெயாவிற்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

இதழைப் படிக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டம் முடித்தவர்களுக்கு இத்துறையில் அதிகாரியாக நுழைய வாசல் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா என்று எண்ணிப் பாருங்கள். அது உங்கள் வழி இல்லையென்றால், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாருங்கள். அருகிலுள்ள நிலையம் எத்தனை கிலோமீட்டர்? அதன் தலைவர் யார்? பக்கத்தில் தொண்டூழியப் படை ஏதும் உண்டா, அதில் நம்மவர் இருக்கிறாரா? முன்னாள் மாணவர்களில் தாமான் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் பொறுப்பில் இருப்பவர்கள் நிலையத் தலைவரை ஒருமுறை கோயில் மண்டபத்திற்கு அழைக்கலாம். கிரில் சாவியை எங்கே மாட்டுவது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

எங்கள் தாமானில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. பின்வீட்டு அண்ணனும் இன்னும் இருவரும் தம்பியோடு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போகிறார்கள். புதுக்கிராமத்துப் படையின் மலாய் அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரும்படி கேப்டன் என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் 'தீயணைப்புப் படை' என்றும் கீழே 'போம்பா' என்றும் இரண்டையும் போட்டேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் தம்பியை உதவிப் பொருளாளராக நிறுத்தப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. அம்மாவிற்கு இப்போது இருக்கும் ஒரே கவலை, அவனுக்குக் கணக்கு எழுத வருமா என்பதுதான்.